ரெண்டாவது ரெகுலேட்டர்

அந்த நாற்காலி வேணாம் அக்கா, அது ஒரு பக்கம் சாயும். இதுல உட்காருங்க. உங்களுக்குப் பெரிய வேலை ஒண்ணும் இல்ல, இந்தக் கப்பப் புடிச்சிக்கிட்டா போதும். சோப்புத் தண்ணி. காபின்னு நெனச்சிக் குடிச்சிடாதீங்க. ஓரின் வர்றதுக்குள்ள இந்த அடுப்ப, நாம தங்குற இந்த வீட்டு வண்டியோட கேஸ்ல மாட்டிடணும். அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுவும் அவரு வர்றதுக்குள்ளதான்.

என்னன்னா? சொல்றேன், சொல்றேன். கை ஓடினாத்தான் எனக்கு வாய் ஓடும்.

அவரு இப்போதைக்கு வரமாட்டாரு. மீன் கழுவுற கொட்டகைக்குப் போனாருன்னா, புடிச்ச மீன விட பேசுற மீனுதான் பெருசா இருக்கும். இந்த ஏரியில இருக்கிற அத்தன கெழவனுங்களும் அங்கதான் நிக்கிறானுங்க.

ஆமா, இது மார்லிஸோட அடுப்புதான். மறப்பேனா? உங்க தங்கச்சி மளிகைக்கடை கூப்பன் சேத்து வாங்கினது, ஒவ்வொரு ஆகஸ்டு மாசமும் நீங்க இங்க வந்து அந்தக் கதையச் சொல்றீங்க. பயப்படாதீங்க, உடைக்க மாட்டேன். வண்டிய விட்டுத் தள்ளி இந்த மேஜை மேல வைக்கிறேன். டியூப் நீளமா இருக்கு, எட்டும்.

மொத பொண்டாட்டின்னா சும்மாவா? இந்த வண்டியில எதுதான் அவளோடது இல்ல, சொல்லுங்க. படுக்கைக்கு மேல இருக்கிற வாத்து போட்ட திரை அவ தச்சது. கதவுல தொங்குற மணி அவ மாட்டினது. மேப்புல பாருங்க, டுலூத் டவுனுக்குப் போற ரோட்டுல ஒரு எடத்துல அவ கையெழுத்து: இங்க காபி வாயில வைக்க முடியாது. இன்னிக்கும் ஓரின் அங்க நிறுத்த மாட்டாரு. அந்தக் கடை போயி வேற கடை வந்தாச்சு, அதுவும் போயி செருப்புக்கடை வந்தாச்சு. நிறுத்த மாட்டாரு. மார்லிஸ் சொல்லியிருக்கா இல்ல?

அந்த ஸ்பேனர இப்படிக் குடுங்க. அது இல்ல, சின்னது.

பொறாமையான்னு கேக்குறீங்களா? பொறாமைதான் அக்கா. உங்ககிட்ட என்ன மறைக்கிறது? காலையில ஜெபம் பண்ணும்போது கர்த்தர்கிட்டயே சொல்லிடுறேன், உங்களுக்குத் தெரியாததா ஆண்டவரேன்னு. உயிரோட இருக்கிறவளா இருந்தா ஒரு கேக் செஞ்சு எடுத்துட்டுப் போயி, ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சி, அவ தலைமுடி கொட்டியிருக்குன்னு பாத்து நான் சமாதானமாகிடுவேன். செத்தவகிட்ட என்ன செய்யிறது? அவளுக்கு வயசு ஏறல. முட்டி வலிக்கல. ஒரு நாளும் அவ உப்புப் போட மறக்கல.

மறந்திருக்காளா? நெசமாவா? ஈஸ்டர் அன்னிக்கா! ஏன் அக்கா, இதை நீங்க பன்னெண்டு வருஷம் முன்னாடி, நான் ஓரினக் கட்டிக்கிட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, சிரிக்க வைக்காதீங்க, மரை சரியா ஏறாது.

போன வருஷம் நீங்களும்தான் இங்க இருந்தீங்க. அடுப்புல மாட்டுற அந்தச் சின்ன பச்சை கேஸ் பாட்டில் எப்பவும் கறி பாதி வெந்ததும் தீந்துபோகும், ஓரின் அதைக் காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பாப்பாரு. பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் வண்டிக்கடியில இருக்கிற இந்தக் கேஸ் வாயில டியூப மாட்டி ஜோரா சுடறாங்களேன்னு நானும் ஒரு டியூப் வாங்கி மாட்டினேன். தீ வந்துச்சா? பொறந்தநாள் மெழுகுவத்தி அளவுக்கு வந்துச்சு. பன்றிக்கறி வேகவே இல்ல, சோளக்கதிர் வேர்த்துக்கிட்டுக் கெடந்துச்சு. அப்ப அவரு என்ன சொன்னாரு? மார்லிஸ் கையில நல்லா எரிஞ்ச அடுப்பு, லவோன், உன் கையில எரிய மாட்டேங்குதே. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல. நீங்க உருளைக்கிழங்கு சாலட்டயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதை நான் மறக்கல அக்கா. அதனாலதான் இப்ப உங்கள உட்கார வெச்சிருக்கேன்.

அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, எனக்குத் தெரியும். அதுதான் வலிக்குது. கெட்ட எண்ணத்துல சொல்லியிருந்தா ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டு நெனைக்கிறேன், ஒருவேளை அவதான் ஊதி அணைக்கிறாளோன்னு. பைத்தியம்! சர்ச்சுல உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்ற பொம்பள நெனைக்கிற நெனப்பா இது?

அப்புறம் பனிக்காலத்துல, யாருக்கும் சொல்லாம, அடுப்பத் தூக்கிக் கார் பின்னாடி போட்டுக்கிட்டு வண்டிச் சாமான் கடைக்குப் போனேன். மூக்குல வளையம் போட்ட ஒரு பொண்ணு இருந்தா. பாத்த உடனே சொன்னா, அம்மா, அடுப்புல ஒரு கோளாறும் இல்ல, உங்க கையிலயும் கோளாறு இல்லன்னு. அப்படியே அவளக் கட்டிப் புடிச்சிக்கலாம் போல இருந்துச்சு. விஷயம் இதுதான். வண்டியில பெரிய சிலிண்டர் பக்கத்துலயே ஒரு ரெகுலேட்டர் இருக்கு. அது கேஸோட வேகத்த அடக்கித்தான் இந்த வாய்க்கு அனுப்புது. அடுப்புக் கழுத்துலயும் ஒரு ரெகுலேட்டர், பச்சை பாட்டிலுக்குன்னு வெச்சது. ஒருத்தர் அடக்கி அனுப்பினத இன்னொருத்தர் மறுபடியும் அடக்கினா, மூச்சு எங்கேருந்து வரும்? ஒண்ணு போதும்னு சொன்னா. அடுப்புல இருக்கிறத எடுத்துட்டு, ரெகுலேட்டர் இல்லாத இந்தத் திருகு போட்டுக் குடுத்தா. இந்த வாயில மட்டும்தான் மாட்டணும், பாட்டில்ல மாட்டக்கூடாதுன்னு மூணு தடவ சொல்லி அனுப்பினா.

பழசா? தூக்கிப் போடல. அவ்வளவு கெட்டவ இல்ல நான். துணியில சுத்தி மார்லிஸோட தையல் டிராயர்லயே வெச்சிருக்கேன்.

இருங்க, குனியறேன். அம்மாடி, முட்டி. இந்த வளையத்தப் பின்னால இழுத்து, டியூப உள்ள தள்ளி... டக்குனு ஒரு சத்தம், கேட்டுச்சா? இப்ப இந்தப் புடியத் திருப்பறேன். கப்பக் குடுங்க. பிரஷ்ல தொட்டு மூட்டுக்கு மூட்டு தடவணும், நுரை பொங்கினா கேஸ் கசியுதுன்னு அர்த்தம். இங்க இல்ல. இங்கயும் இல்ல. ஐயோ, இங்க பாருங்க, முட்டை முட்டையா வருது. மூடிடறேன். அடுப்பச் சாயாம புடிங்க... இன்னும் ஒரு சுத்து. மறுபடி திறக்கறேன். இப்ப? நல்லாப் பாருங்க, உங்க கண்ணாடியாவது புதுசு.

இல்லையா? ஸ்தோத்திரம்.

மே மாசம் கல்லறைக்குப் போறமே, சிவப்புப் பூத்தொட்டி எடுத்துக்கிட்டு, நான் தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டு அவரு பின்னாடி. நீங்களும்தான் வர்றீங்க. அங்க அந்தக் கல்லுல ஒரு பக்கம் மார்லிஸ் பேரு, இன்னொரு பக்கம் ஓரின் பேரு, பொறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் வெறும் கல்லு. அவ போனப்பவே ரெண்டு பேரையும் சேத்து வெட்டிட்டாங்க. நம்ம பக்கத்து வழக்கம்தான், தப்புச் சொல்லல. ஆனா வருஷா வருஷம் நான் குனிஞ்சு தண்ணி ஊத்தும்போது என் புருஷன் பேரு என் மூஞ்சிக்கு நேரா இருக்கு, அவ பேரு பக்கத்துல.

லைட்டர் எங்க? இதோ. தள்ளி உட்காருங்க.

பாத்தீங்களா! அக்கா, பாத்தீங்களா! நீலமா, நேரா, எப்படி நிக்குது! இது என் கைதானே? என் கைதான். அந்தக் கறியெல்லாம் இப்படித் தள்ளுங்க. சுர்ருங்குது கேளுங்க.

இல்ல, அழல. புகை.

இதக் காட்டத்தான் உக்கார வெச்சேனான்னா, இல்ல. கேக்கணும்னு சொன்னேனே. இருங்க, கொட்டகைப் பக்கம் பாத்துக்கறேன். இன்னும் கையை விரிச்சு மீன் அளவு காட்டிக்கிட்டுதான் நிக்கிறாரு.

பாஸ்டர்கிட்டப் போயி ஒரு நாள் கேட்டேன். மேல போனா அவரு யாருக்குப் புருஷன்னு. அங்க புருஷன் பொண்டாட்டி கணக்கே கெடையாதும்மான்னு சொன்னாரு. வெளிய வந்து கார்ல உட்கார்ந்து அழுதேன். எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல, சரிதான். ஆனா அது மேல. நான் கேக்கறது கீழ, மண்ணுல.

என் முதல் புருஷன் ஃப்ளோரிடாவுல வேற ஒருத்தி பக்கத்துல புதைஞ்சு கெடக்கான், அங்க எனக்கு என்ன வேலை? என் பொண்ணு சொல்றா, அம்மா, எரிச்சு ஒரு ஜாடியில வெச்சு எங்க வீட்டு அலமாரியில வெச்சுக்கறேன்னு. அலமாரியிலயா? அவ தூசி தட்டி நான் பாத்ததே இல்ல. மகன் ஏரியில தூவறேங்கறான். எனக்கு நீச்சல் தெரியாது.

சிரிங்க, பரவாயில்ல. ஆனா கேளுங்க. சர்ச்சுக்குப் பின்னால உங்கப்பா வாங்கிப் போட்ட வரிசையில, மார்லிஸுக்கு அந்தப் பக்கம் உங்கப்பா அம்மா. அவளுக்கு இந்தப் பக்கம் ஓரின் எடம். ஓரினுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு காலியா இருக்கு, வேலி ஓரமா. அது உங்க பேர்ல இருக்கு, தெரியும். நீங்க கல்யாணம் பண்ணிக்கலன்னு உங்கப்பா உங்களுக்குன்னு விட்டது. நீங்க உங்க அம்மா காலடியில கூட இருந்துக்கலாம்னு போன வருஷம் பேச்சுவாக்குல சொன்னீங்க. அதைப் புடிச்சிக்கிட்டு ஒரு வருஷமா இருக்கேன்.

அந்த எடத்த எனக்குக் குடுப்பீங்களா அக்கா?

மார்லிஸ நகத்தச் சொல்லல. அவ அவ பக்கத்துலயே இருக்கட்டும். நான் இந்தப் பக்கம். கல்லுகூட வேணாம்... இல்ல, கல்லு வேணும். சின்ன எழுத்தா இருந்தாலும் பரவாயில்ல, என் பேரு வேணும்.

இப்பவே சொல்ல வேணாம், சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. இப்ப தலையாட்டினீங்களே, அது சரிங்கறதா, இல்ல கொசுவ விரட்டினீங்களா?

கையை விடுங்க அக்கா, கறி கருகுது. வந்துட்டாரு.

வாங்க ஓரின், மீன இங்க வைங்க. ஆமா, எரியுது. வண்டி கேஸ்தான். நான்தான் மாட்டினேன். அக்கா சாட்சி. என்ன தேடுறீங்க? பழைய ரெகுலேட்டரா? பத்திரமா இருக்கு. அவ டிராயர்லதான் இருக்கு.