மண்டப வெளிச்சத்தில் ஒரு பச்சைத் துணி

ஃபெயி: கேமரா தப்பு, கேமரா தப்புன்னு எத்தனை தடவை சொல்லுவ, லான்ரே? எங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு, இபாடான்லயே நல்லா படம் எடுக்கறவன்னுதானே உன்னைப் பிடிச்சோம்.

லான்ரே: உக்காருங்கக்கா. ஒயிட் பேலன்ஸ் தப்பா வெச்சுட்டேன். அதான் படத்துல உங்க பச்சைத் துணி... கொஞ்சம்...

ஃபெயி: கொஞ்சமா? சேத்துல முக்கியெடுத்த மாதிரி இருக்கு. அது என்ன பேலன்ஸு?

லான்ரே: மண்டபத்து விளக்கு மஞ்சளா எரியும். நம்ம கண்ணு பழகிக்கும், வெள்ளையை வெள்ளையாவே பாக்கும். கேமராவுக்கு அது வராது. எது வெள்ளைன்னு நாமதான் சொல்லணும். மாத்திச் சொல்லிட்டா எல்லாம் மஞ்சளடிக்கும், இல்ல நீலமடிக்கும்.

ஃபெயி: எல்லாமும்னா?

லான்ரே: ஆமாக்கா. சுவரு, கேக்கு, மூஞ்சி... ஒண்ணு விடாம.

ஃபெயி: அப்போ இந்தப் படத்துல கேக்கு ஏன் பால் மாதிரி இருக்கு?

லான்ரே: கேக்கு மட்டும் எப்படியோ தப்பிச்சிருச்சுக்கா.

ஃபெயி: தட்டுல ஜொல்லோஃப் சோறு செவப்பாத்தான் இருக்கு. பின்னால நிக்கிற பொம்பளைங்க தலையில கட்டின துணியெல்லாம் பளிச்சுனு பச்சை.

லான்ரே: அது வந்து... கரண்ட் போயி, ஜெனரேட்டர்ல பாதி விளக்குதான் எரிஞ்சுது. ஐஎஸ்ஓவை ஏத்திட்டேன்.

ஃபெயி: இது வேறயா?

லான்ரே: வெளிச்சம் கம்மின்னா கேமரா கூர்ந்து பாக்க அதை ஏத்தணும். ரொம்ப ஏத்தினா மணல் தூவின மாதிரி புள்ளி விழும்.

ஃபெயி: புள்ளி விழுந்திருக்கு, ஒத்துக்கறேன். அந்தப் புள்ளி என் துணியை மட்டும் தேடி வந்து சாயம் மாத்துச்சா?

லான்ரே: விடுங்கக்கா. தப்பு என்னுதாவே இருக்கட்டும்.

ஃபெயி: உன்னைத் திட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். நீ பாட்டுக்குத் தலையைக் குடுத்தா எப்படித் திட்டறது... கதவைச் சாத்து.

லான்ரே: சாத்திட்டேன்.

ஃபெயி: தப்பு துணியில. சொந்தம் எல்லாம் ஒரே துணியில நிக்கணும்னு அண்ணி எடுத்த அசோ எபியை நான் வாங்கல. வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு, யார்கிட்டயும் சொல்லல. சந்தையில அதே மாதிரி ஒரு மட்டத் துணி... வெயில்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

லான்ரே: சர்ச் வாசல்ல எடுத்த படத்துல வித்தியாசமே இல்லக்கா. மண்டப விளக்குலதான் சாயம் காட்டிக்குடுத்துருச்சு.

ஃபெயி: ஞாயித்துக்கிழமை குடும்பமே சுத்தி உக்காந்து ஆல்பம் பாக்கும். அண்ணி எடுத்த துணியை மதிக்காதவள்னு பேசுவாங்க. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? என் துணியை மட்டும் பச்சையாக்கிக் குடு.

லான்ரே: ஒண்ணை மாத்தினா போதாது. இன்னொரு துணியும் அதே நிறத்துல இருக்கு.

ஃபெயி: எங்க? நான் என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்... என் தோள்ல கை போட்டு நிக்கறது... அண்ணியா? துணியைத் தேர்ந்தெடுத்ததே அவங்கதானே...

லான்ரே: நீங்க வாங்கலைன்னு அவங்களுக்குத் தெரியாதா? உங்க தையக்காரர்கிட்ட விசாரிச்சு, தன்னோடதைப் பெட்டியில வெச்சுட்டு, நீங்க வாங்கின துணியையே வாங்கிக் கட்டினாங்க. நேத்து இங்க வந்து, 'ஃபெயி கேட்டா கேமரா மேல பழியைப் போட்டுரு'ன்னாங்க... எனக்குத்தான் பொய்யை ஒழுங்கா சொல்லத் தெரியல.