கொடிக்கு உள்ளே மூன்றாந்தரம்

— நிப்பாட்டுங்கோ, கிறகோரி அண்ணை! தடியைத் தூக்கி வள்ளத்துக்கை வையுங்கோ. சிவப்புக் கொடி கண்ணுக்குத் தெரியேல்லையோ?

— கொடியும் தெரியுது றொசாந்தி. கொடிக்குப் பக்கத்திலை உன்ரை வள்ளமும் தெரியுது.

— பகிடியை விடுங்கோ. இது ஓரா மீன் முட்டையிடுற இடம். மாரி முடியுமட்டும் ஒருத்தரும் உள்ளுக்கை வரக்கூடாது எண்டு மீனவர் சங்கம் மறிச்சு, என்னைக் காவலுக்கும் விட்டிருக்கு. உங்களுக்கு இது மூண்டாந்தரம்.

— ஓம். நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்.

— எங்கை வலை?

— வலை இல்லை.

— நண்டுக்கூடு?

— கூடும் இல்லை.

— பொய். உந்தச் சாக்குக்குக் கீழை என்ன?

— ஐயோ, அதைத் தூக்காதை!

— உதென்ன, சுடுதண்ணிப் போத்தில்! ரெண்டு கோப்பை. பனங்கட்டியும் சுத்தி வைச்சிருக்கு. மீனுக்கோ தேத்தண்ணி குடுக்க வந்தனீங்கள்?

— குளிர்காத்தெல்லோ. அதுகளும் பாவம்.

— கதையைப் பார்! முதல் கூட்டத்திலை, 'கடலுக்கு வேலி போடுறியள், நாளைக்குக் காத்துக்கும் போடுவியளோ' எண்டு கத்தினது ஆர்?

— நான்தான். போன வருசம் ஓராவைக் கண்ணாலை காணேல்லை. இருக்கிற இடத்தையும் மறிச்சால் கோவம் வராதோ?

— இப்ப குனிஞ்சு பாருங்கோ. தண்ணிக்கு அடியிலை, உந்தச் சாதாளைப் புல்லுக்கை.

— என்ரை மாதாவே! உவ்வளவு குஞ்சோ! வள்ளத்தின்ரை நிழலுக்கையும் வந்து ஒதுங்குதுகள்.

— நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். பாத்தாலே எனக்கு வயிறு நிறைஞ்சிடும். அதுதான், உங்களை இப்ப விடேலாது. விட்டால் நாளைக்கு அரியாலை முழுக்க வலையோடை வந்து நிக்கும். பொம்பிளைக்குக் காவல் ஏலாது எண்டு சொன்னவைக்கு, வெறும் வாயை மெல்லுறவைக்கு அவல் குடுத்த மாதிரிப் போயிடும். நான் தலைவருக்குப் போன் அடிக்கப்போறன், அண்ணை.

— அடி. அந்த 'அண்ணை'யை மட்டும் விடன்.

— வேறை என்னெண்டு கூப்பிட? புருசன்காரனைக் கூப்பிடுற மாதிரி 'இஞ்சாருங்கோ' எண்டோ?

— நான் ஒண்டும் சொல்லேல்லையே.

— மூண்டாந்தரம் பிடிபட்டால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?

— தெரியும். வள்ளத்தை இழுத்துக் கரையிலை கட்டிப்போடுவினம். மாரி முடியுமட்டும் தொழில் இல்லை.

— தெரிஞ்சுமோ வந்தனீங்கள்? உந்த வள்ளத்தை விட்டால் உங்களுக்கு வேறை என்ன கிடக்கு?

— ஒண்டும் இல்லைத்தான். கேள் றொசாந்தி. சந்தையிலை உன்னோடை ஒரு சொல்லுக் கதைச்சால், கடைக்காரர் தராசை விட்டிட்டுப் பாக்கினம். கோயிலிலை கண்டால் நீ தலையைக் குனிஞ்சுகொண்டு போறாய். உந்தக் கொடியைத் தாண்டினால் மட்டும்தான் என்னை மறிச்சு, நிண்டு கதைக்கிறாய். வள்ளம் போனால் போகட்டும்... என்ன, போனை எடுத்திட்டியோ?

— நான் அடிக்கிறன்... ஹலோ, நாகலிங்கம் ஐயாவோ? றொசாந்தி கதைக்கிறன். கிறகோரி அண்ணை கொடிக்கு உள்ளுக்கை வந்திட்டார். ஓம், மூண்டாந்தரம்.

— ஸ்பீக்கரிலை போடு. என்ரை வள்ளத்தின்ரை கதையெல்லோ, நானும் கேக்கோணும்.

— டேய் கிறகோரி! தலைவர் கதைக்கிறன். சட்டம் சட்டம்தான், மாத்தேலாது!

— ஓம் தலைவர். வள்ளத்தை எப்ப கொண்டுவர?

— ஆருக்கடா வேணும் உன்ரை ஓட்டை வள்ளம்? போன கூட்டத்துக்கு வராமல் நீ கொடிகாமம் சந்தையிலை நிண்டனி. சட்டத்தை மாத்தியாச்சு. மூண்டாந்தரம் பிடிபட்டவர், மாரி முடியுமட்டும் ஒவ்வொரு விடியக்காலமையும் றொசாந்தியோடை சேர்ந்து காவல் காக்கோணும்.

— என்ன? இப்பிடியொரு சட்டத்தை ஆர் கொண்டுவந்தது?

— ஐயா, போதும், நான் வைக்கிறன்!

— பொறு பிள்ளை. காவலுக்கு ஒராள் காணாது, உந்தச் சட்டத்தைப் போட்டே ஆகோணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டது நீதானே?

— ஐயா, சிக்னல் இல்லை! கேக்கேல்லை!

— போனை நிப்பாட்டிப்போட்டு ஏன் மற்றப்பக்கம் பாக்கிறாய்? காவலுக்கு ஆள் காணாதோ, றொசாந்தி?

— காணாதுதான்.

— என்னை விட்டால் வேறை ஆர் ரெண்டுதரம் பிடிபட்டது?

— ஒருத்தரும் இல்லை.

— அப்ப, வள்ளம் போகும் எண்டு பயந்து நான் இண்டைக்கு வராமல் விட்டிருந்தால்?

— சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் உங்கடை மீன்வாடிக் குடில் வாசலிலை நட்டிருப்பன்.

— றொசாந்தி!

— கத்தாதேங்கோ, குஞ்சுகள் கலையப்போகுது. இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது.