நாலு சுரமும் ஒரு நிறுத்தமும்

— நிறுத்தும்மா, நிறுத்து! பல்லவி முடியறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது. இதை எவன் முணுமுணுப்பான்?

— பாடினது நான் சார். உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?

— கிண்டலா? உன்னோட போன பாட்டு எப்படி ஓடுச்சு? நாலே நாலு சுரம். பேச்சு வராத குழந்தைகூடப் பாடுச்சு. கடைக்குக் கடை, பஸ்ஸுக்கு பஸ் அதேதான். இது என்னடான்னா ஏறுது, இறங்குது, மறுபடியும் ஏறுது.

— ஏறினா என்ன தப்பு?

— கல்லா ஏறாதும்மா! நான் காதால பாட்டு கேக்கறவன் இல்ல, கல்லாவால கேக்கறவன். எளிமைதான் விக்கும். சவுண்டுக்காரரே, உங்க கூடப்பிறந்தவதானே, நீங்களாவது சொல்லுங்க.

— என்னை இழுக்காதீங்க முதலாளி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிவனேன்னு உக்காந்திருக்கேன்.

— எளிமைதான் விக்கும்னா சார், அதுக்கப்புறம் வேற ஆளுங்களை வெச்சு ஒரு டஜன் பாட்டு போட்டீங்களே. அத்தனையும் நாலு சுரம். எது வித்துச்சு?

— அது... அவங்களுக்கு ராசி இல்ல.

— அப்ப விக்கறது ராசியா, சுரமா? ஒண்ணைச் சொல்லுங்க.

— வாய் ரொம்ப நீளுது உனக்கு!

— போன பாட்டை வித்துவான்லாம் பிள்ளைங்க விளையாட்டுன்னு சிரிச்சாங்க. அவங்களோடயும் மல்லுக்கு நின்னேன். இன்னிக்கு உங்களோட. சுலபமா இருக்கறதால மட்டமும் இல்ல, சிக்கலா இருக்கறதால ஒசத்தியும் இல்ல சார். இந்தப் பாட்டுக்கு இவ்வளவு வேணும். அவ்வளவுதான்.

— கடைசியாச் சொல்றேன். நாலு சுரத்துக்குள்ள சுருக்கு. இல்லேன்னா அடுத்த வாரம் அந்த மைக் முன்னாடி வேற ஒருத்தி நிப்பா. எந்தக் கம்பெனியிலயும் நீ பாட முடியாம பண்ணிடுவேன்.

— பண்ணிக்கோங்க. ஒரு சுரத்தைக்கூட எடுக்க மாட்டேன்.

— பாத்தீங்களா சவுண்டுக்காரரே, திமிரை?

— பாத்துக்கிட்டுதான் இருக்கேன் முதலாளி. நல்லாத்தான் இருக்கு.

— அண்ணனும் தங்கச்சியும் சரியான ஜோடி! சரி, சுரத்தை விட்டுத் தொலை. போன பாட்டுல வெச்சியே, அந்த நிறுத்தமாவது வை. வரிக்கு நடுவுல திடீர்னு ஒரு மௌனம் விட்டியே, அங்கதானே ஜனம் கைதட்டுச்சு! அதை யோசிச்ச மூளைக்குத் தனியா மாலை போடணும். இப்ப எங்க கம்பெனி பாட்டு எல்லாத்துலயும் அதை வைக்கச் சொல்லிட்டேன்.

— எல்லாத்துலயுமா? ஐயய்யோ அண்ணே, கேட்டியா!

— சிரிக்காத பாப்பா, அப்புறம் எனக்கும் அடக்க முடியாது.

— என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? சொல்லிட்டுச் சிரிங்க!

— சொல்லிடட்டுமாண்ணே?

— சொல்லித்தொலை. நானும் எத்தனை நாளைக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கறது?

— சார், அந்தப் பாட்டைப் பாடினப்ப எனக்குத் தொண்டையில ஆபரேஷன் முடிஞ்ச புதுசு. எச்சில் முழுங்கினாலே முள்ளு குத்தும். டாக்டர் பாடவே கூடாதுன்னார். பாடாம இருந்தா செத்துடுவேன்னு தோணுச்சு. தேடித் தேடிப் பார்த்தேன், தொண்டையில மிச்சம் இருந்தது அந்த நாலு சுரம்தான். இருந்ததை வெச்சுப் பாடினேன்.

— அப்ப... அந்த நிறுத்தம்?

— அங்க நான் இருமினேன் சார். அண்ணன் ரெக்கார்டிங்ல அதை மட்டும் அழிச்சிட்டான். இன்னிக்கு இருமல் வரல. மைக்கைத் திற, அண்ணே.