இருபது வருடக் கம்பெனி

“…பொறந்து ஒரு மாசம்தான் ஆவுது, ஆனா இருவது வருசமா கப்பலுக்கு ஆள் அனுப்புதாம்!”

ஆரம்பாக்கத்தில் தம்பியோடு ரயில் ஏறிய பெண் இப்படிச் சொல்லி, மடியிலிருந்த லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரையில் நாலைந்து வரி வெள்ளை எழுத்து. அவன் கையில் பாஸ்போர்ட். எதிர் இருக்கையில் நான்.

“இது இன்னாக்கா?”

“ஹூயிஸ்னு அடிச்சு உன் கம்பெனி வெப்சைட் பேரப் போட்டேன். அந்தப் பேர எப்ப பதிஞ்சாங்கனு காட்டுது, போன மாசத் தேதி பாரு.”

“புதுசுனா பொய்யா? புதுப் படகு கடலுக்குப் போவலியா?”

“புதுப் படகு தன்னைப் பழசுனு சொல்லிக்காதுடா. பாஸ்போர்ட்ட அந்த ஏஜென்ட்டுகிட்ட குடுத்துட்டு அப்பறம் எங்க போய்த் தேடுவ?”

பொன்னேரி தாண்டியது. அவன் மெல்லக் கேட்டான்.

“குப்பமே மாலை போட்டு அனுப்பிச்சிது. திரும்பிப் போய் இன்னானு சொல்றது?”

“அக்கா பொறாமையில தடுத்துட்டானு சொல்லு. என்னியத் திட்டிட்டுப் போவட்டும்.”

அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். மீஞ்சூரில் வண்டி நின்றதும், ஊருக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்க, அவனுடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முதலில் இறங்கினாள்.