இஞ்சி ஆகாது

அவர் கோலாலம்பூரில் இருந்தவரை எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீடு கொஞ்சம் அழுக்காகும். போன பிறகு கழுவிவிடுவேன்.

தொழிலை விட்டுவிட்டு மொத்தமாகக் காரைக்குடிக்கே வந்த பிறகுதான் என் கணவர் மெய்யநாதனை முழுதாகப் பார்த்தேன். காலையும் மாலையும் அவருக்கு வேர்த் தேநீர் வேண்டும். பழைய கூட்டாளி அங்கிருந்து அனுப்பும் சீன வேர். கைகால் முளைத்த சிசுவைப் போல இருக்கும். நறுக்கிக் கொதிக்கவைத்தால் வீடெல்லாம் ஈர மண் வாடை.

அவர் உறிஞ்சும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். அடியில் கிடக்கும் துண்டுகளை விரலால் வழித்து மெல்லுவார். சக்கையை உள்ளங்கையில் துப்பி மேசை விளிம்பில் ஒட்டிவைப்பார். எச்சில் நூலாக இழுபடும்.

"இந்த வேரைக் கிழட்டுக் குதிரைக்குக் குடுத்தா ஏரோப்பிளேனை முந்திரும் சுந்தரி" என்று சிரிப்பார். பல்லிடுக்கில் நார் தெரியும். அதே விரலால் என் கன்னத்தைத் தொடுவார்.

போன வருடம் இதயத்தில் வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். "ஜின்செங் மட்டும் கூடவே கூடாது. மாத்திரையை வேலை செய்ய விடாது. ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிரும்" என்றார் டாக்டர். இவருக்குக் காது மந்தம்.

காரில் கேட்டார். "இஞ்சி ஆகாதுன்னா சொன்னாரு?"

"ஆமாங்க. இஞ்சிதான்."

"நல்லவேளை. என் வேரை ஒண்ணும் சொல்லல."

பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் ஜின்செங் என்றிருக்கும். பிரிப்பது நான்தான். அவருக்கு அது சீன வேர், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் இஞ்சி வாங்கவில்லை. குழம்பு, துவையல், மோர் எதிலும் கிடையாது. "மாமாவுக்காக அத்தை நாக்கையே கட்டிப்போட்டுட்டாக" என்று மருமகள் தீக்ஷா எல்லோரிடமும் சொன்னாள். கோயிலில் பெண்கள், "புருசனைப் பாத்துக்கிட்டா கல்யாணசுந்தரி ஆச்சி மாதிரி பாக்கணும்" என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேரை மட்டும் கொஞ்சம் கூடுதலாக நறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வாய் ஒருபக்கம் கோணியது. தேநீர் தாடையில் வழிந்து, சட்டையில் இறங்கி, தரையில் சொட்டியது. மென்ற துண்டுகளும் விழுந்தன. ஒரு கையால் போனைக் காட்டினார். எனக்குப் புரிந்தது.

மாப்பை எடுத்து வந்தேன்.

தீக்ஷா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "என்ன அத்தை, மாமா கூப்பிட்டாகளா?"

"ஒண்ணுமில்ல. தரை ஈரமா இருக்கு. அங்குட்டே நில்லு, காயட்டும்."

சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை துடைத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை காய்ந்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வழியிலேயே போய்விட்டார்.

தெரிந்தேதான் கொடுத்தேன் இன்ஸ்பெக்டர் சார். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேண்டுமென்றே தாமதம் செய்தேன் என்று எழுதாதீர்கள். நாலு பேர் வரப்போகிற வீடு. எச்சிலோடு எப்படிப் போட்டுவைப்பது?