இவங்க உங்களுக்கு யாரு?

— நான் உள்ள வரல ஐயா. சமையல்காரம்மா வரமாட்டேன்னுட்டாங்கன்னு அந்தப் பதிவாளர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.

— இந்தா, என்னை ஐயான்னு கூப்பிடறத முதல்ல நிறுத்து. படிக்கட்டுல போறவங்க வர்றவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். வீட்ட விட்டு வெளிய வந்தா உங்கள நான் எப்பவும் ஐயான்னுதானே கூப்பிடுவேன்? இன்னியோட அத விட்டுடலாம்னுதான் கிளம்பி வந்தோம். நீங்களே வேணாம்னுட்டீங்க.

— நான் எங்க வேணாம்னேன்? வாய் தவறிடுச்சு.

— வாய் தவறிடுச்சா? கல்யாணத்தப் பதிய வந்து மேசைக்கு முன்னாடி நிக்கறோம். அவர் மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு என்னைப் பாக்கறார். "இவங்க உங்களுக்கு யாரு?"ன்னு கேக்கறார். மாப்பிள்ளை சொல்ற பதிலா அது? "நம்ம வீட்டு சமையல்காரம்மா சார், ரொம்ப நாளா இருக்காங்க." அந்த ரொம்ப நாளாவை வேற சேத்துக்கிட்டீங்க.

— அவர் போட்டிருந்த சட்டைய பாத்தியா நீ? அதே சாம்பல் கலரு, அதே பித்தளை பட்டன். வீட்ட சோதனை போட இன்ஸ்பெக்டருங்க போட்டுட்டு வருவாங்களே, அதேதான். சட்டத்த மாத்தினவங்க சட்டைய மாத்த மறந்துட்டாங்க. அதப் பாத்ததும் நாக்கு தானா ஓடிடுச்சு.

— ஊருக்கெல்லாம் பல்லு டாக்டர். அடுத்தவங்க வாய மணிக்கணக்கா பிடிச்சு வெச்சிருக்கத் தெரியும். சொந்த வாயப் பிடிக்கத் தெரியல.

— திட்டு. எவ்வளவு வேணா திட்டு. ஆனா உள்ள வந்து திட்டு. சாப்பாட்டு நேரம் வந்தா கதவ சாத்திடுவாங்க. இன்னிக்கு விட்டா நீ இந்தப் படிய மறுபடி ஏறமாட்ட, உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு?

— தெரியுதுல்ல? அப்ப வண்டிய வரச் சொல்லுங்க. இந்தப் புதுச் செருப்பு வேற குதிகால கடிச்சு வெச்சிருக்கு.

— கழட்டு, பாக்கறேன்.

— வேணாம். ஐயா போய் சமையல்காரி கால பிடிச்சா நல்லாவா இருக்கும்?

— அய்யோ, கொல்றியே. வரிசையில நின்ன அந்தச் சின்னஞ்சிறுசுங்க சிரிச்சாங்களே, அதானே உனக்கு?

— சிரிச்சது எனக்குப் பெரிசே இல்ல. அந்த லாரி டிரைவரத்தான் நினைச்சுக்கிட்டேன்.

— எந்த லாரி டிரைவர்?

— வழக்குப் போட்டாரே, அவரு. நம்மள மாதிரியே, அவர் உங்க ஆளு, அந்தம்மா எங்க ஆளு. "இவ யாரு?"ன்னு ஜட்ஜ் கேட்டப்ப "என் பொண்டாட்டி"ன்னார். அதுக்கே ஜெயில்ல போட்டாங்க. வெளிய வந்தார், அப்பீல் போட்டார், மறுபடி கேட்டாங்க, மறுபடி "என் பொண்டாட்டி"ன்னார். அவர் அதையே சொல்லிச் சொல்லித்தான் உங்க ஆளும் எங்க ஆளும் கட்டிக்கக் கூடாதுங்கற சட்டம் போன மாசம் ஒழிஞ்சுது. உங்களுக்கு இன்னிக்கு ஜெயில் கூட கிடையாது. மின்விசிறிக்குக் கீழ நின்னுக்கிட்டு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

— அவர் தைரியசாலி. நான் அப்படி இல்லன்னு உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா? அவரை உள்ள வெச்ச அன்னிக்கு அவர் சம்சாரத்த என்ன பண்ணாங்க, அதையும் சொல்லு.

— வண்டியில ஏத்தி ஊர் எல்லைக்கு வெளிய கொண்டு போய் விட்டாங்க.

— அதுதான். ஜெயில்னா நான் போயிருப்பேன், பொய் சொல்லல. உன்னை ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்கங்கறதுதான் என் பயமே. யாராவது பித்தளை பட்டன் போட்ட ஆளு உன்னைக் காட்டி "யாரு?"ன்னா, என் வயித்துக்குள்ள ஒருத்தன் எழுந்து "சமையல்காரம்மா"ன்னு கத்துவான். அவன்தான் உன்னை இத்தன வருஷம் என் வீட்டுல வெச்சுக் காப்பாத்தினான். சட்டம் மாறினத அவனுக்கு நான் இன்னும் சொல்லல.

— பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்ல. என் வேலை அட்டையில நல்லதா நாலு வார்த்தை எழுதத் தெரிஞ்சுதா அவனுக்கு?

— அத ஏன் இப்ப இழுக்கற?

— இழுப்பேன். எங்க ஆளுங்க ஊருக்குள்ள தங்கணும்னா எசமான் கையெழுத்து வேணும். வருஷா வருஷம் என் புருஷனே எனக்கு எசமான்னு கையெழுத்துப் போட்டார். அது கூடப் பரவால்ல, தலையெழுத்துன்னு விட்டேன். ஆனா "நடத்தை நன்று, சமையல் சுமார்"னு எழுதினீங்களே, அத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். அந்த ஆபீஸ் குமாஸ்தா படிச்சுட்டு, "ஏம்மா, இதக் கூட சரியா செய்ய மாட்டியா?"ன்னு கேட்டான்.

— பிரமாதம்னு எழுதியிருந்தா? அந்தக் குமாஸ்தாவே "என் வீட்டுக்கு அனுப்பு"ன்னு கேட்டிருப்பான். குடுக்கமாட்டேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்துச்சு? நல்ல சமையல்காரிங்கள பெரிய இடத்துல இருந்து கேட்டு வாங்கிட்டுப் போனது உனக்குத் தெரியாதா? உன்னை யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான் சுமார்னு போட்டேன்.

— இத ஏன் என்கிட்ட இத்தன வருஷம் சொல்லல?

— சொன்னா நீ பயப்படுவ. சுமார்ங்கறதுக்கு என்கூட சண்டை போட்டுக்கிட்டு தைரியமா இருந்த. அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அப்பா! அம்மா! இங்கயா உக்காந்திருக்கீங்க? பில்டிங் முழுக்கத் தேடறேன். நம்ம டோக்கன ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. அடுத்த ஜோடிய கெஞ்சி முன்னால அனுப்பியிருக்கேன். அந்தப் பொண்ணு கையெழுத்த ரொம்ப அழகா, மெதுவாப் போடறா. அந்த நேரம்தான் நமக்கு.

— பாப்பா, மெதுவா பேசு. அம்மான்னு இப்படி உரக்கக் கூப்பிடற, யாராவது...

— யாராவது என்னம்மா? கேட்டா என்ன? பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா?

— பாத்தியா, பாத்தியா. என்னை மட்டும் சொன்ன. உனக்குள்ளயும் ஒருத்தி உக்காந்திருக்கா.

— நீங்க சும்மா இருங்க அப்பா. இருக்கற கோளாறு போதும். ஏன்ப்பா, பொய் சொல்றதுன்னு ஆனப்புறம் கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லக் கூடாதா? அம்மா சமையல்காரியாம். அம்மாவுக்குத் தண்ணி கொதிக்க வெக்கத் தெரியுமா?

— தெரியும்.

— மா, அன்னிக்கு வெச்ச பாத்திரம் ஓட்டையாயிடுச்சு.

— அது பழைய பாத்திரம்.

— நம்ம வீட்டுல ஏப்ரன் கட்டினது யாரு? அப்பா. காலையில நோயாளிங்க வர்றதுக்குள்ள குழம்பு வெச்சு, பொரியல் பண்ணி, என் டிபன் டப்பாவக் கட்டினது அப்பா. வாசல்ல மணி அடிச்சா என் வேலை என்ன? அப்பா முதுகுல இருக்கற முடிச்ச அவுத்து, அந்த ஏப்ரன அம்மாவுக்கு மாட்டிவிடறது. அப்பா கையக் கழுவிட்டு வெள்ளைக் கோட்டு மாட்டறதுக்குள்ள அம்மா கையில கரண்டி இருக்கணும். நான் ஸ்கூல்ல ரிலே ஓட்டத்துல ஜெயிச்சதே அந்தப் பழக்கத்துலதான்.

— ஒரு தடவை அந்தத் தொப்பை இன்ஸ்பெக்டர் அடுப்பாண்ட வந்து நின்னு, "வாசனை நல்லாருக்கே, இதுல என்னம்மா போட்ட?"ன்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? "உப்பு"ன்னேன்.

— அவன் போனப்புறம் நான் கதவ சாத்திட்டு தரையில உக்காந்து சிரிச்சேன்.

— நீங்க சிரிச்சீங்க. நான் உள்ள போய் அழுதேன். உங்களுக்குத் தெரியாது.

— அழுதியா?

— பல்லு அச்செடுக்கற மாவு பிசைஞ்சது நான். பயந்து வந்த குழந்தைங்கள சமாதானப்படுத்தி நாற்காலியில உக்கார வெச்சது நான். உங்க கை எந்த ஊசிக்கு நீளும்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சவ. அவன் கேட்டானா அதெல்லாம்? எனக்குத் தெரியாத ஒரே வேலையக் காட்டி, அதுதான் நான்னு இத்தன வருஷம் நிக்க வெச்சாங்க. சரி, என்னை விடுங்க. பாப்பாவ ஏன் பாப்பான்னே கூப்பிடறேன், தெரியுமா உங்களுக்கு?

— செல்லமா...

— செல்லமும் இல்ல ஒண்ணும் இல்ல. வேலைக்கார ஆயாவும் பாப்பான்னுதான் கூப்பிடுவா, அம்மாவும் பாப்பான்னுதான் கூப்பிடுவா. கதவுக்கு உள்ளயும் வெளியயும் செல்லுபடியாகற வார்த்தை எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அவளுக்கு ஆசை ஆசையா ஒரு பேர் வெச்சேன். அத என் வாயால தெருவுல ஒரு நாள் கூப்பிட்டதில்ல.

— அம்மா... இது எனக்கே தெரியாதே.

— உனக்கு எதுக்குத் தெரியணும்? உன் பொறந்த சான்றிதழ்ல தாய் பேர் இருக்கற இடத்துல "தெரியவில்லை"ன்னு இருக்கு. அப்பா எங்கயோ எடுத்து வளக்கற பிள்ளைன்னு ஊருக்குச் சொல்லி வெச்சோம். இன்னிக்கு எங்க கல்யாணத்தப் பதிஞ்சாத்தான் அந்த இடத்துல என் பேர எழுதுவாங்களாம். எனக்கு ஒண்ணும் மாலை மேல ஆசையில்ல. அந்த இடத்துக்காகத்தான் இந்தச் செருப்ப மாட்டிக்கிட்டு வந்தேன்.

— அப்ப வாம்மா. எனக்காக வா. அப்பா சொன்னத அங்கயே துடைச்சுப் போட்டுடலாம்.

— உங்க ரெண்டு பேருக்குமே புரியல. சமையல்காரின்னு சொன்னது கூட எனக்கு வலிக்கல பாப்பா. அது பழகின கல்லு, எங்க உறுத்தும்னு எனக்குத் தெரியும். அந்தக் கேள்விய நான் இத்தன வருஷமா எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். மாவு பிசையும்போது சொல்லிப் பாப்பேன், கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாப்பேன். என்னிக்காவது ஒருத்தன் யாருன்னு கேப்பான், அன்னிக்கு எனக்கு பயம் இருக்காது, நான் தலை நிமிந்து சொல்லணும்னு. இன்னிக்குக் கேட்டாங்க. நான் மூச்ச இழுத்து வாயத் திறக்கறேன், இவர் முந்திக்கிட்டார். எப்பவும் போல, எனக்காக, என்னைக் காப்பாத்த.

— ஏம்ப்பா, இது உங்களுக்குத் தெரியுமா?

— இல்ல கண்ணு. இவ்வளவு நாள் ஒரே வீட்டுல இருந்திருக்கேன். இது எனக்குத் தெரியல. இந்தா... நான் ஒண்ணு சொல்லட்டுமா? உள்ள போவோம். நான் வாயே திறக்கல. அவர் என்ன கேட்டாலும் நீ சொல்லு. என்ன வேணா சொல்லு. இவன் யாருன்னே தெரியாதுன்னு சொன்னாலும் சரின்னு தலையாட்டறேன்.

— திறக்கமாட்டீங்க?

— திறக்கமாட்டேன்.

— பையில பஞ்சு இருக்காப்பா? கடிச்சுக்கிட்டு உக்காருங்க. நோயாளிங்களுக்கு நீங்க சொல்றதுதானே, "அரை மணி நேரத்துக்குப் பேசக் கூடாது."

— சிரிக்க வெக்காத பாப்பா, நான் கோவமா இருக்கேன். கையக் குடு, எழுந்துக்கறேன். செருப்பு இங்கயே கிடக்கட்டும், திரும்பி வரும்போது எடுத்துக்கலாம். வெறுங்காலோடவே வரேன்.

— அம்மா, உள்ள போய் என்னன்னு சொல்லப் போற?

— அத அங்க வந்து கேளு.

— சார், மன்னிச்சுக்கோங்க, டோக்கன் தவறிப் போச்சு. இவங்கதான். கூட்டிட்டு வந்துட்டேன்.

— வாங்க, வாங்க. போயிட்டீங்களோன்னு நினைச்சேன். பதிவேட்ட மூடப் போனேன். உக்காருங்கம்மா. டாக்டர் சார், நீங்களும் உக்காருங்க. எங்க விட்டோம்? ஆங். மணமகன் நீங்க. மணமகள்... இங்கதான் கொஞ்சம் குழப்பம் ஆயிடுச்சு. சொல்லுங்க சார்.

— ...

— சார்?

— அப்பா பேசமாட்டார் சார். அவர் வாய்ல பஞ்சு.

— பஞ்சா? பல்லு டாக்டருக்கேவா? சரி, அம்மா, நீங்களே சொல்லுங்க. இவர் உங்களுக்கு யாரு?

— எங்க வீட்டு சமையல்காரர் சார். ரொம்ப நாளா இருக்கார்.

— என்னம்மா இது? கொஞ்ச நேரம் முன்னாடி அவர் உங்கள அப்படிச் சொன்னார். இப்ப நீங்க அவரை அப்படிச் சொல்றீங்க. உங்க ரெண்டு பேர்ல யாரைத்தான் நான் நம்பறது?

— அம்மாவ நம்புங்க சார். அவங்க சொல்றதுதான் நிஜம்.

— நடத்தை நன்று சார். சமையலும் பிரமாதம். நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல.

— அய்யோ டாக்டர் சார், அழாதீங்க, தண்ணி குடிங்க. சரிம்மா, அவர் உங்க சமையல்காரராவே இருக்கட்டும். அப்ப நீங்க அவருக்கு யாரு? அத நான் எழுதியாகணும்.

— என்னங்க, பஞ்ச எடுங்க. சார் உங்களத்தான் கேக்கறார். இந்தத் தடவை யோசிச்சு சொல்லுங்க.