எங்கள் ஊர் வீரன்

சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தாகம் அதிகம், ஐயா. அதிலும் அழுதுவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் அதிகம். மதுக்கடை நடத்துகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நம் பெல்ஜியத்து ஈப்பர் நகரைச் சுற்றி ஆண்டுதோறும் நடக்கிற நினைவுச் சவாரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போர் நடந்த வயல்களின் வழியே நாள் முழுக்க மிதிப்பார்கள். கல்லறை உள்ள ஊரிலெல்லாம் இறங்கித் தலைகுனிவார்கள், பிறகு பீர் குடிப்பார்கள். பக்கத்து ஊர்களுக்குக் கொள்ளை கொள்ளையாய்ச் செத்தவர்கள் இருந்தார்கள். எங்கள் ஊரில்தான் ஒருவரும் சாகவில்லை. படை வந்தது, என் கொள்ளுத்தாத்தாவின் கடையில் குடித்தது, போய்விட்டது. அந்த அவமானத்தோடு நூறு வருடம் இருந்தோம்.

சவாரிக் குழுத் தலைவி மர்லீனிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"உங்க ஊர்ல இறங்கி யாருக்காக அழுறது, கமீல் அண்ணே? உங்க உருளைக்கிழங்குக்கா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே கடைக்குப் பின்னால், வயலோரத்தில் மண்ணைக் குவித்து, வெள்ளைச் சிலுவை நட்டு, 'பெயர் தெரியாத வீரன்' என்று எழுதினேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய இரும்புத் தொப்பியை மேலே வைத்தேன். கொள்ளுத்தாத்தா ரகசியமாகப் புதைத்தவன் என்று ஊருக்குச் சொன்னேன்.

அடுத்த ஆண்டு சவாரி எங்கள் ஊர் வழியே வந்தது. இறுக்கமான பளபள உடுப்பில் ஆணும் பெண்ணும் வயலோரம் நின்று விசும்பினார்கள். மர்லீன்கூட மூக்கைச் சிந்தினாள். என் பீப்பாய்கள் காலி. ஊரே நிமிர்ந்து நடந்தது.

மொரிட்ஸ் கெட்டவன் இல்லை, பிடிவாதக்காரன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு, பிறகு அங்கேயே வரலாற்று வாத்தியார். இந்த ஆண்டுச் சவாரிக்கு முந்தின வாரம் மண்வெட்டியோடு சைக்கிளில் வந்தான்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவனப் பாத்திருக்கேன்டா. நீ வெறுஞ்சோத்தக் காட்டி உள்ள பூசணிக்கா இருக்குங்கிறியே!"

"மொரிட்ஸ், ஊர் மானம்டா."

"செத்தவங்க விஷயத்துல பொய் சொல்லக் கூடாது. தோண்டிப் பாத்துட்டு மர்லீன்கிட்ட சொல்லத்தான் போறேன். தள்ளு."

அவனே தோண்டினான். வெயிலாக இருந்தது, நான் பீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தேன். இடுப்பளவு பள்ளத்தில் நின்று, மேலே ஏறுவதற்காக மண்வெட்டியை என்னிடம் நீட்டினான்.

"பாரு, உள்ள ஒருத்தனுமில்ல."

அவன் சொன்னது உண்மை. அந்த நிமிஷம் வரைக்கும்.

எனக்கும் வருத்தம்தான், ஐயா. சீட்டாட ஆளில்லாமல் சாயங்காலம் நகரவே மாட்டேன் என்கிறது. ஆனால் சவாரியன்று மர்லீன் மண்டியிட்டு அவனுக்கு, போரில் செத்தவர்களுக்கு வைக்கிற சிவப்புப் பாப்பிப் பூ வைத்தாள். வாத்தியாராக இருந்தவரை அவனுக்கு யார் பூ கொடுத்தார்கள்? மண் புதிதாக இருக்கிறதே என்று ஒரு பெண் கேட்டாள். பராமரிப்பு என்றேன்.

அவன் சைக்கிள் என் கடைச் சுவரில் சாய்ந்திருந்ததை வைத்து வந்துவிட்டீர்கள். பூத்தொட்டி கட்டி அலங்கரித்திருந்தேன், அழகாகத்தான் இருந்தது. கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே வேண்டுகோள், அவனை வெளியே எடுக்காதீர்கள். கல்லறை மறுபடி காலியாகிவிடும். அப்புறம் ஊர் என்னைப் பொய்யன் என்று சொல்லும், ஐயா.